பியூரெட் சொல்வது சமான நிறையை மட்டும்தான்

மாணவர்களின் ஆய்வக அறிக்கைகளில் மறுபடியும் அதே கணக்கு. திட அமிலம் 0.1476 கிராம், 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25.00 மி.லி. செலவு, ஆகவே மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 59.04. எரித்துப் பகுத்ததில் கார்பன் 40.68 விழுக்காடு, ஹைட்ரஜன் 5.12, மீதி ஆக்சிஜன். எளிய விகித வாய்ப்பாட்டின் நிறையும் 59.04. ஆகவே மூலக்கூறு வாய்ப்பாடு: கார்பன் 2, ஹைட்ரஜன் 3, ஆக்சிஜன் 2. கீழே இரட்டைக் கோடு வேறு. எடை சரி, அளவு சரி, தசமப்புள்ளி கூட இடம் மாறவில்லை, விடை மட்டும் தப்பு. அது சக்சினிக் அமிலம்: கார்பன் 4, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 4, மோலார் நிறை 118.09. மாதிரியை எத்தனை தடவை மாற்றிக் கொடுத்தாலும் இந்தத் தப்பு வேறு அமிலத்தின் பெயரில் திரும்பி வருகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பியூரெட்டிலிருந்து, அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து, இறங்கும் காரம் மூலக்கூறுகளை எண்ணுவதில்லை. அமிலம் விட்டுக்கொடுக்கும் புரோட்டான்களைத்தான் எண்ணுகிறது. கூட்டத்தில் உயர்ந்த கைகளை எண்ணிவிட்டு இத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று எழுதினால் எப்படி? இரண்டு கையையும் தூக்கியவர்கள் இருப்பார்களே! 25.00 மி.லி.யில் இருந்தது 0.0025 மோல் காரம், அது ஈடுகட்டியது 0.0025 மோல் புரோட்டான். எடையை அதால் வகுத்தால் வருவது சமான நிறை, அதாவது ஒரு மோல் புரோட்டானைத் தர எத்தனை கிராம் அமிலம் வேண்டும் என்ற கணக்கு. அதைக் காரத்துவத்தால், அதாவது ஒரு மூலக்கூறு விட்டுக்கொடுக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையால், பெருக்கினால்தான் மோலார் நிறை. காரத்துவம் 1 என்று யார் சொன்னது? கேள்வியில் இல்லை, குடுவையிலும் எழுதியிருக்கவில்லை, நீங்களாக வைத்துக்கொண்டது.

சரி, எச்சரிக்கை மணியாவது கேட்க வேண்டாமா? கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள, மின்சுமையில்லாத நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் எண்ணிக்கை இரட்டைப்படைதான். 3 என்று வந்தவுடனே பேனா நின்றிருக்க வேண்டும். அப்படியானால் உண்மையான வாய்ப்பாடு எளிய விகித வாய்ப்பாட்டைப்போல் 2 மடங்கா, 4 மடங்கா? அதைத் தரம்பார்த்தல் (காரத்தைச் சேர்த்து அமிலத்தை அளக்கும் இந்த முறை) சொல்லாது. நிறை நிறமாலையோ, உறைநிலைத் தாழ்வோ, ஏதாவது ஒரு தனி அளவீடு வேண்டும். அது துல்லியமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 118-ஐயும் 236-ஐயும் பிரித்தறியப் பத்து விழுக்காடு பிழையுள்ள அளவீடே போதும். முழு எண்ணைக் கரடுமுரடான அளவீடு கொடுக்கும், தசமங்களைப் பியூரெட் கொடுக்கும். (உறைநிலைத் தாழ்வு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பென்சாயிக் அமிலம் பென்சீனில் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும், மோலார் நிறை கிட்டத்தட்ட இரு மடங்காகத் தெரியும். கரைப்பானைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.)

"காரம் சேர்க்கச் சேர்க்க pH மாறுவதைக் காட்டும் வரைபடத்தில் ஒரே ஒரு ஏற்றம்தான் சார் வந்தது, அப்போ காரத்துவம் 1 தானே?" இல்லை. சக்சினிக் அமிலத்தின் இரண்டு புரோட்டான்களுக்கும் வலிமையில் போதிய இடைவெளி இல்லை, இரண்டு ஏற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும். சிட்ரிக் அமிலத்தில் மூன்று புரோட்டான், அங்கும் தெளிவாகத் தெரிவது ஒரு ஏற்றம்தான். மலியிக் அமிலமும் ஃபுமாரிக் அமிலமும் ஒரே மூலக்கூறு வாய்ப்பாடு, இரண்டுக்கும் காரத்துவம் 2, ஆனால் மலியிக் இரண்டு ஏற்றம் காட்டும், ஃபுமாரிக் ஒன்று. இதற்கு நேரெதிராக, வாய்ப்பாட்டிலுள்ள ஹைட்ரஜன்களை எல்லாம் எண்ணிக் காரத்துவம் என்று எழுதுபவர்களும் உண்டு. அசிட்டிக் அமிலத்தில் 4 ஹைட்ரஜன், வெளியே வருவது 1. பாஸ்பரஸ் அமிலத்தில் 3, வருவது 2.

அப்புறம் இந்தக் காரக் கரைசல். பாட்டிலில் 0.1000 என்று ஒட்டியிருந்தால் அது 0.1000 ஆகிவிடாது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டே இருக்கும். உண்மையில் 0.0980 தான் என்று வையுங்கள், அதே சக்சினிக் அமிலத்துக்கு 25.51 மி.லி. செலவாகும், பாட்டிலை நம்பிக் கணக்குப் போட்டால் சமான நிறை 57.86. ஃபுமாரிக் அமிலத்தின் சமான நிறை 58.04. வெறும் 2 விழுக்காட்டுச் சோம்பேறித்தனத்தில் ஒரு அமிலம் இன்னொரு அமிலமாகிவிட்டது! உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை (எடையை நம்பக்கூடிய தூய திட அமில உப்பு) எடை போட்டுக் கரைத்து, அதை வைத்துக் காரத்தின் செறிவைக் கண்டுபிடித்துவிட்டு மாதிரியைத் தொடுங்கள். பாட்டில் திறந்து நாளாகியிருந்தால் மறுபடியும் பாருங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள்.

படிகத்துக்குள் சேர்ந்திருக்கும் நீரையும், அதாவது படிக நீரையும், மறக்காதீர்கள். ஆக்சாலிக் அமிலம் 2 மூலக்கூறு நீரோடு இருந்தால் சமான நிறை 63.03, நீரில்லாமல் இருந்தால் 45.02. சூடாக்கி உலர்த்திய மாதிரி பாதி நீரை இழந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு எண் வரும், அதற்கு வாய்ப்பாடு தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் கிடைக்காது.

கையில் செய்கிற வேலையைப் பற்றிச் சுருக்கமாக. பியூரெட்டைக் காரத்தாலேயே கழுவுங்கள். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், அமிலக் கரைசலால் கழுவவே கழுவாதீர்கள். முனையிலுள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள், புனலை எடுத்துவிடுங்கள். இந்தக் கார்பாக்சிலிக் அமிலங்களுக்கு நிறங்காட்டி பினாப்தலீன்தான், மெத்தில் ஆரஞ்சு முன்கூட்டியே நிறம் மாறி ஏமாற்றிவிடும். அரை நிமிடம் நிற்கிற வெளிர் இளஞ்சிவப்பு போதும். அடர்த்தியாக வந்தால் தாண்டிவிட்டீர்கள், அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள். வாயால் பிப்பெட்டை உறிஞ்சாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கண்ணில் பட்டால் அமிலத்தைவிடக் காரம் ஆழமாக இறங்கும்.

அறிக்கையில் தயவுசெய்து இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். முதல் வரி: சமான நிறை 59.04, இது தரம்பார்த்தலில் வந்தது. இரண்டாம் வரி: காரத்துவம் 2, இது எந்த அளவீட்டில் வந்தது. அந்த இரண்டாம் வரியில் எழுத எதுவும் இல்லையென்றால் வாய்ப்பாட்டுக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள், நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.