காலைல நல்லா நடந்தவங்க சாயங்காலம் ஏன் தடுமாறுறாங்க? எம்எஸ் வந்தா நரம்புக்குள்ள நடக்கறது என்ன

ஒரு கண்ணு மங்கலா தெரியுது, அசைச்சா வலிக்குதுன்னு போனவங்களை எம்ஆர்ஐ எடுக்க அனுப்புறாங்க, ரிப்போர்ட்டை பாத்துட்டு நியூராலஜிஸ்ட் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்எஸ்னு சொல்றார், அந்த பேரையே கேள்விப்படாத குடும்பம் இடிஞ்சு போயிடுது. பெரும்பாலும் 20 வயசுல இருந்து 40 வயசுக்குள்ள தான் இது ஆரம்பிக்கும், ஆண்களை விட பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். வீட்டையே தாங்கிட்டு இருக்கற வயசுல வர்ற நோய்ங்க இது.

நேத்து வரைக்கும் நல்லா தானே இருந்தாங்கன்னு தான் எல்லாரும் கேப்பாங்க. ஆனா நோய் நேத்து வந்ததா இருக்காது. ஸ்கேன் எடுக்கும்போது கடோலினியம்னு ஒரு மருந்தை ஊசில ஏத்துவாங்க, புதுசா வீங்கியிருக்கற இடம் அதை இழுத்துக்கிட்டு பளிச்னு தெரியும், பழைய தழும்பு அப்படி தெரியாது. ரெண்டும் ஒரே ஸ்கேன்ல இருந்தா வேற வேற சமயத்துல தாக்கியிருக்குன்னு அர்த்தம், அதனால தான் முதல் தடவை போனப்பவே டாக்டரால பேரை சொல்ல முடியுது. எப்பவோ கால் மரத்து போய் தானா சரியானது அப்ப தான் வீட்ல ஞாபகம் வரும். அன்னைக்கே காட்டியிருக்கணும்னு ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்காதீங்க, தானா சரியாகற மாதிரி வந்து போறது தான் பெரும்பாலானவங்களுக்கு இந்த நோயோட ஆரம்பமே. 1868ல பாரிஸ்ல ஷார்கோங்கற டாக்டர், இறந்தவங்களோட மூளைல, முதுகுத்தண்டுல இருந்த தழும்பையும் அவங்க உயிரோட இருந்தப்ப பட்ட கஷ்டத்தையும் சேத்து வச்சு பாத்து தான் இதை தனி நோயா விளக்கினார்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கற மாதிரி மூளை, முதுகுத்தண்டு நரம்பிழை மேல மயலின்னு கொழுப்பு உறை சுத்தியிருக்கும். நடுநடுவுல சின்ன சின்ன இடைவெளி விட்டிருக்கும், சிக்னல் அந்த இடைவெளிக்கு இடைவெளி தாவி தாவி போகும், அதனால வேகமான நரம்புல நொடிக்கு 100 மீட்டர் வரைக்கும் கூட போகுது, உறையே இல்லாத மெல்லிசு நரம்புல நொடிக்கு ஒண்ணு ரெண்டு மீட்டர் தான். எம்எஸ்ல நம்ம உடம்போட எதிர்ப்பு செல்களே உள்ள புகுந்து இந்த உறையை அரிச்சிடுது. பார்வை நரம்புல நடந்தா கண்ணு மங்கும், சிறுமூளைல நடந்தா பேலன்ஸ் போகும், முதுகுத்தண்டுல நடந்தா காலோ யூரினோ தொந்தரவு பண்ணும். எங்க தாக்குதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும், அதனால சொந்தக்காரங்க யாரோ ஒருத்தரோட கதையை வந்து சொன்னா அதை உங்க வீட்டு ஆளுக்கு அப்படியே பொருத்தாதீங்க.

எனக்கு ரொம்ப மனசுல படுறது அடுத்த விஷயம் தான். காலைல நல்லா இருந்தாங்க, வெயில்ல போயிட்டு வந்ததும் கால் இழுக்குது, பேச்சு குழறுது, கொஞ்ச நேரம் குளிர்ச்சியா உக்காந்தா பழையபடி ஆயிடுறாங்க, வீட்ல பாக்கறவங்க நடிக்கறாங்களோன்னு கூட நினைச்சிடுறாங்க. நடிப்பே இல்லங்க. உறை போன நரம்பு சிக்னலை தட்டுத்தடுமாறி தான் கடத்திட்டு இருக்கும், உடம்பு சூடு ஏறினா சிக்னலை உண்டாக்க சோடியத்தை உள்ள விடற நரம்போட வாசல்கள் சீக்கிரமா மூடிக்கும், அந்த வெறும் பகுதியை தாண்டற அளவுக்கு சிக்னலுக்கு தெம்பு இருக்காது. அரை டிகிரி ஏறினாலே போதும். 1890ல ஊட்ஹாஃப்ங்கற ஜெர்மன் கண் டாக்டர், நடந்து களைச்சதும் சிலருக்கு பார்வை மங்கறதை எழுதி வச்சார், எம்ஆர்ஐ இல்லாத காலத்துல வெந்நீர் தொட்டில உக்கார வச்சே இந்த நோயை சோதிச்சாங்க. இதுல புது சேதம் எதுவும் இல்ல, சூடு இறங்கினா சரியாகும். அதே சமயம் புதுசா ஒரு தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல விடாம இருந்தா டாக்டர்கிட்ட உடனே சொல்லணும், காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்‌ஷனோ இருக்கான்னு பாத்துட்டு தான் ரிலாப்ஸா, அதாவது நோய் திரும்ப தாக்கியிருக்கான்னு முடிவு பண்ணுவாங்க. அசதியும் இப்படி தான், தூங்கி எழுந்தாலும் போகாது, வெளிய தெரியாது, தயவு செஞ்சு அதை சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க.

மருந்துல ரெண்டு வகை. ரிலாப்ஸ் வந்தா சில நாள் ஸ்டீராய்டு ஏத்துவாங்க, அது வீக்கத்தை அடக்கி சீக்கிரம் எழுப்பி விடும், நோயோட போக்கை மாத்தாது. போக்கை மாத்தற மருந்து 1993ல இன்டர்ஃபெரான் பீட்டாங்கற ஊசில ஆரம்பிச்சு இப்ப நிறைய வந்தாச்சு, அது புது தாக்குதலை தான் குறைக்கும், ஏற்கனவே போன உறையை திருப்பி போடாது. அதனால ஊசி போட்டும் ஒண்ணும் மாறலையேன்னு நிறுத்திடாதீங்க, ஸ்கேன்ல புது தழும்பு வராம இருக்கறது தான் அது வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம்.

தொட்டா ஒட்டாது. அப்பா அம்மாக்கு இருந்தா பிள்ளைக்கு வரும்னும் இல்ல, வாய்ப்பு நூத்துக்கு ரெண்டு மூணு தான், அச்சு அசலா ஒரே மாதிரி பிறந்த இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தா கூட இன்னொருத்தருக்கு வர்றது ஏறக்குறைய நாலுல ஒண்ணு. எப்ஸ்டீன் பார் வைரஸுக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு 2022ல வந்த ஆய்வு காட்டுச்சு, ஆனா அது பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல எப்பவோ தொத்தியிருக்கற வைரஸ், பெரும்பாலானவங்களுக்கு எம்எஸ் வர்றதே இல்ல. குழந்தை பெத்துக்கவும் தடை இல்ல, கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல ரிலாப்ஸ் குறையும், பிரசவம் ஆன முதல் மூணு மாசம் கூடும், சில மருந்தை கர்ப்பத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், அதனால டாக்டர்கிட்ட முதல்லயே பேசி வச்சுக்கோங்க, அந்த மூணு மாசம் ராத்திரில குழந்தையை யார் பாத்துக்கறதுங்கறதையும் வீட்ல முடிவு பண்ணிக்கோங்க.