8 லிட்டர் காற்றின் வில்லங்கம்

ஸ்கூபா பயிற்சி முடித்த கையோடு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சொந்தமாக பிசிடி வாங்கப்போகிறேன். ஒன்றில் தூக்குதிறன் 12 கிலோ என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 22 கிலோ. கூடுதலாக இருப்பதுதானே பாதுகாப்பு?"

பார்க்க அப்படித்தான் தோன்றும். ஆனால் இதில் இயற்பியல் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

பிசிடி என்பது சிலிண்டரை முதுகோடு சேர்த்துக் கட்டும் மிதப்பு ஜாக்கெட். உள்ளே ஒரு காற்றுப்பை. இடது தோளிலிருந்து தொங்கும் குழாயில் ஒரு பொத்தானை அழுத்தினால் சிலிண்டர் காற்று பைக்குள் வரும். இன்னொன்றை அழுத்தினால் வெளியே போகும். விலக்கப்படும் நீரின் எடைதான் மிதப்பு விசை என்பது பள்ளிப்பாடம். பையில் 1 லிட்டர் காற்று ஏறினால் சுமார் 1 கிலோ தூக்கும். அவ்வளவுதான் கருவி.

இது எதற்குத் தேவை? நாம் அணியும் நியோப்ரீன் உடை முழுக்கக் குட்டிக்குட்டிக் காற்றுக் குமிழிகள். ஆழத்தில் அவை நசுங்கி, உடை மிதப்பை இழக்கும். மறுபக்கம், நாம் சுவாசிக்கச் சுவாசிக்க சிலிண்டர் லேசாகும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். இந்த இரண்டு மாற்றங்களையும் ஈடுகட்டுவதுதான் பையின் வேலை.

இனி எனக்குப் பிடித்த இடம். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி நமக்குத் தெரியும்: அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீங்கள் 10 மீட்டர் ஆழத்தில் ஏறாமல் இறங்காமல் மிதக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏதோ ஒரு அசைவில் கொஞ்சம் மேலே போகிறீர்கள். அழுத்தம் குறைகிறது, பைக்குள் காற்று விரிகிறது, மிதப்பு கூடுகிறது, இன்னும் மேலே போகிறீர்கள். காற்று இன்னும் விரிகிறது. கீழே நகர்ந்தாலும் இதே கதை தலைகீழாக நடக்கும். கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த கோலிக்குண்டின் நிலைமை, உறுதியற்ற சமநிலை. கடல் ஆளை உள்ளே இழுக்கும் என்று பயமுறுத்துவார்களே, அதில் பாதி இதுதான். மூச்சடக்கி மூழ்குபவர்கள்கூட ஓர் ஆழத்துக்குக் கீழே காலசைக்காமலே இறங்குவார்கள். நுரையீரல் சுருங்கிவிட்டது, அவ்வளவே. பேய் பிசாசு எதுவும் காலைப் பிடித்து இழுக்கவில்லை.

இந்த உறுதியின்மை எவ்வளவு மோசம் என்பதைப் பையின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பையில் 3 லிட்டர் காற்றோடு 10 மீட்டரில் இருப்பவர் 1 மீட்டர் ஏறினால் காற்று சுமார் 160 மில்லிலிட்டர் விரியும். அதாவது 160 கிராம் மிதப்பு. சாதாரண மூச்சு ஒன்றே அரை லிட்டர் இருப்பதால், சற்று அதிகமாக மூச்சை வெளியே விட்டாலே சரியாகிவிடும். மூழ்குவதற்காக இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்வோம். இப்போது இதே ஆள் பயத்தில் 5 கிலோ ஈயத்தை அதிகமாகக் கட்டிக்கொண்டார் என்று வையுங்கள். அதைச் சமாளிக்கப் பையில் 8 லிட்டர் வேண்டும். அதே 1 மீட்டருக்கு இப்போது 420 கிராம் கூடும். மூச்சின் கட்டுப்பாட்டு எல்லையைத் தொட்டாயிற்று.

மேற்பரப்பை நெருங்க நெருங்க இது மோசமாகும். 8 லிட்டரோடு 30 மீட்டரில் 1 மீட்டர் ஏறினால் கூடுவது 200 கிராம்தான்; 5 மீட்டரிலோ ஏறத்தாழ 570 கிராம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கும் பயணத்தில், கடைசிச் சில மீட்டர்கள்தாம் ஆளைத் தூக்கி எறியப் பார்க்கும். சிலிண்டர் காலியாகி நாம் லேசாகியிருப்பதும் அப்போதுதான்.

ஆக, முதலில் சரிசெய்ய வேண்டியது ஈயம். சிலிண்டரில் 50 பார் மீதமிருக்கும்போது, பையைக் காலியாக்கி, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. புதியவர்கள் சுலபமாக மூழ்கட்டும் என்று தாராளமாக ஈயம் கட்டி அனுப்பும் பயிற்றுநர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அந்தத் தாராளத்தை மறைக்கத்தான் 22 கிலோ பை உதவுகிறது.

கணக்கைப் பாருங்கள். உடையில் 5 லிட்டர் காற்று இருந்தால் 30 மீட்டரில் கால்பங்குதான் மிஞ்சும், இழப்பு 3.75 கிலோ. முழுச் சிலிண்டரின் காற்று இரண்டரைக் கிலோ. மொத்தம் ஆறேகால். மேற்பரப்பில் உடை பழையபடி விரிந்துவிடும். ஆனால் தலையை வெளியே தூக்கிப்பிடிக்க நாலைந்து கிலோ வேண்டும். எப்படிக் கூட்டினாலும் 12 கிலோ போதும். தடித்த உடை, இரட்டைச் சிலிண்டர் என்று போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. தேவைக்கு மிஞ்சிய பையில் கொஞ்சம் காற்று இங்குமங்கும் ஓடி ஆளை உருட்டும், மடிப்பில் சிக்கி வெளியேற மறுக்கும்.

பையின் வடிவத்தில் இரண்டு கட்சி. விலாவைச் சுற்றிக் காற்று நிற்கும் ஜாக்கெட், மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்க வசதி. முதுகில் மட்டும் காற்று நிற்கும் விங், நீருக்குள் உடலைக் கிடையாக வைக்கும். மேற்பரப்பில் முகத்தை முன்னால் தள்ளப் பார்க்கும். நான் விங் கட்சி. எஃகு முதுகுத்தகடு இரண்டு, மூன்று கிலோ இருப்பதால் இடுப்பு ஈயமும் அந்த அளவுக்குக் குறையும்.

பாக்கெட், நிறம் எல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் விடாதீர்கள். உப்புப் படிந்தால் காற்றேற்றும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ளும். பை தானாக ஊதிக்கொண்டே போகும். அப்போது செய்ய வேண்டியது, காற்றை வெளியே விட்டபடியே சிலிண்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றுவது. வாங்கும் முன் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் அதைக் கழற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு மாடல் எடுங்கள்.