மவுண்ட் கெட்டுவிட்டதா, வானம் சுழல்கிறதா?

தொலைநோக்கிகளைப் பழுதுபார்ப்பதும், புதிதாக வாங்கியவர்களுக்கு அவற்றைக் கையாளக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஆல்ட்-அசிமுத் மவுண்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: "அண்ணே, நிலாவும் சனியும் நல்லா வருது; நெபுலா எடுத்தா மட்டும் நட்சத்திரமெல்லாம் கோடா இழுத்துக்கிட்டுப் போகுது. மோட்டார் போயிருச்சு போல." கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் மோட்டாரில் ஒரு குறையும் இருப்பதில்லை. கையிலிருக்கும் கருவிக்குச் சிங்கப்பூர் வானத்தில் எந்தத் திசை ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதை அறிந்துகொண்டால், பழுதுச் செலவுக்கு வேலையே இல்லாமல் போகும்.

முதலில் படத்தைப் படிக்கவேண்டும். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்த இறுதிப் படத்தை அல்ல, கேமரா பதிந்த தனிப் படம் ஒன்றைக் கணினியில் முழு அளவில் திறந்து, நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் தனித்தனியே பாருங்கள். நடுவிலிருக்கும் விண்மீன் உருண்டையாகவும், மூலைக்குப் போகப்போக விண்மீன்கள் நடுப்புள்ளியைச் சுற்றி வளைந்த சிறு வில்களாகவும் தெரிந்தால், அது புலச்சுழற்சி, அதாவது கேமரா காணும் காட்சியே சுழல்வது. படம் முழுவதும் எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் ஒரே நீளத்துக்கு நீண்டிருந்தால், மவுண்ட் விண்மீனைப் பின்தொடர்வதில் பிழை உள்ளது. காற்று, சமநிலைக் குறைவு, பற்சக்கரத் தளர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று காரணமாகலாம். மூலைகளில் இருப்பவை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிதறிய வால்களைப் போலிருந்தால், மவுண்டைக் குறைசொல்ல வழியே இல்லை. ஃபோக்கல் ரெடியூசர் (குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) பொருத்தியிருந்தால், அதற்கும் சென்சாருக்கும் இடையேயுள்ள தொலைவு தவறாக அமைந்திருக்கக்கூடும். ஷ்மிட்-காசிகிரெயின் வகைத் தொலைநோக்கிக் குழாய்களுக்கான எஃப்/6.3 ரெடியூசருக்கு அந்தத் தொலைவு சுமார் 105 மி.மீ. ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டிருந்தால், கேமரா சற்றுச் சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது.

இவற்றில் என்னிடம் மிகுதியாக வருவது முதல் வகை. ஆல்ட்-அசிமுத் மவுண்ட் மேலும் கீழுமாகவும், இடமும் வலமுமாகவும் மட்டுமே நகரும். விண்மீன்களோ வான்துருவத்தைச் சுற்றி வட்டமிடுகின்றன. ராட்டினத்தின் கூண்டு சக்கரத்தோடு சுற்றி வந்தாலும் எப்போதும் நிமிர்ந்தே தொங்குவதைப் போல, கேமராவும் வானத்தோடு சேர்ந்து சாயாமல் நிமிர்ந்தே நிற்கிறது. ஆகவே குறிவைத்த புள்ளி நடுவில் அசையாமல் இருக்கும்போதே, அதைச் சுற்றியுள்ளவை மெல்லச் சுழல்கின்றன. மோட்டார் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் இது நிற்காது. இதற்காக, விண்மீன் ஒன்றைக் கவனித்து மவுண்டைத் திருத்தும் ஆட்டோகைடர் வாங்குபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கைடர் ஒரு விண்மீனை நடுவில் இருத்திவைக்குமே தவிர, சுழற்சியைத் தடுக்காது.

சுழற்சியின் வேகம் மூன்றைப் பொறுத்தது: நாம் இருக்கும் அட்சரேகை, நோக்கும் திசை, தொடுவானத்திலிருந்து உயரம். சிங்கப்பூர் சுமார் 1.3 பாகை வடக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இங்கே வடக்கிலோ தெற்கிலோ தொடுவானத்துக்கு அருகே பார்த்தாலே நிமிடத்துக்குக் கால் பாகை சுழற்சி உண்டு. உயரம் ஏற ஏற அது கூடும். உச்சியை நெருங்கும்போது கட்டுக்கடங்காமல் போகும். ஆனால் நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி ஏறத்தாழ இல்லை. இந்த ஊரில் கிழக்கே உதிக்கும் விண்மீன் சாய்ந்து செல்லாமல் செங்குத்தாக மேலேறுவதுதான் காரணம். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருப்பவர்களுக்கு இப்படியொரு நேர்க்குத்தான ஏற்றம் கிடைப்பதில்லை. இந்த வசதியைத்தான் நம்மில் பலர் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணியளவில் அது சிங்கப்பூரில் 83 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். "பொருள் உச்சியில் இருக்கும்போது படமெடு, காற்றுமண்டலத்தின் தடிப்பு குறைவு" என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் தொடங்குகிறார்கள். அப்போது சுழற்சி நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேல். கிடைமட்ட மோட்டாரும் மூச்சுவாங்க ஓடவேண்டியிருக்கும். அதே நெபுலா நள்ளிரவில் மேற்கே 45 பாகைக்கு இறங்கியதும் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 0.055 பாகையாகிவிடுகிறது, அதாவது நாற்பதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அதே மவுண்ட், அதே கேமரா, மூன்று மணி நேர இடைவெளி மட்டுமே. ஜனவரி நடுவில் என்றால் மழை விடவேண்டும். விட்டால், இரவு 8 மணிக்கே கிழக்கில் அதே உயரத்தில் அது கிடைக்கும்.

வீட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெயிலுக்குப் பயந்து வடக்கு தெற்கு நோக்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைத் தேடி வாங்குகிறோம். பால்கனியோ தாழ்வாரமோ திறந்திருப்பது சுழற்சி மிகுந்த அந்த இரண்டு திசைகளில்தான். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து மே நடுவில் இரவு 11 மணியளவில் தெற்கே 41 பாகையில் இருக்கும். அங்கே நிமிடத்துக்கு மூன்றில் ஒரு பாகை சுழற்சி. 10 விநாடிப் படத்தில், ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவுச் சென்சாரின் மூலையில் உள்ள விண்மீன் மூன்று பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும். கோள்களைப் படமெடுக்கும் சிறு சென்சாரின் மூலையிலோ ஒரு பிக்சல் அளவுதான். ஆகவே தெற்கு நோக்கிய வீட்டுக்காரர் பெரிய கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம், அல்லது 4, 5 விநாடிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இடமும் ஓய்வும் உள்ளவர்கள் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போகிறார்கள்; கிழக்கும் மேற்கும் திறந்திருக்கும், ஆனால் கார் ஒன்று ஏறி வரும்போது தளமே அதிரும். அந்தப் படங்களைக் கழித்துவிட வேண்டியதுதான்.

குறுகிய வெளிப்பாட்டால், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிகளே ஒளியைப் பதிவதால், படம் தேறாது என்ற அச்சம் நம் ஊரில் பொருந்தாது. 2016இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வெளியான செயற்கை ஒளிக்கான உலக வரைபடம், ஒளிமாசு மிகுந்த நாடு சிங்கப்பூர் என்று காட்டியது. இவ்வளவு வெளிச்சமான வானத்தில், சில விநாடிகளிலேயே பின்னணி ஒளியின் இரைச்சல் (படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் குறுக்கீடு) கேமராவின் சொந்த இரைச்சலை விழுங்கிவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு படத்தையும் நீட்டிப்பதால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். 60 விநாடிப் படங்கள் முப்பதைவிட 10 விநாடிப் படங்கள் நூற்றெண்பது இங்கே பெரிதாகத் தாழ்ந்துவிடாது, விண்மீன்களும் உருண்டையாக இருக்கும். சீஸ்டார் எஸ்50 என்ற சிறு தானியங்கித் தொலைநோக்கி 50 மி.மீ. லென்சும் 250 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது. 10 விநாடிப் படங்களை அடுக்கித்தான் அது பெயர் வாங்கியது. மலேசியாவின் மெர்சிங் கடற்கரை போன்ற இருண்ட இடத்துக்குப் போகும்போது கணக்கு மாறும். அங்கே நீண்ட வெளிப்பாட்டுக்குப் பலன் உண்டு.

"அப்படியானால் வெட்ஜ் வைத்துச் சாய்த்துவிடலாமே" என்பார்கள். மவுண்டின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் தாங்கிதான் வெட்ஜ். சிங்கப்பூரில் துருவ அச்சு ஏறக்குறைய படுக்கையாகவே இருக்கவேண்டும். பல வெட்ஜ்களும், துருவத்தை நோக்கிய அச்சில் சுழலும் ஈக்குவட்டோரியல் மவுண்டுகளும் அவ்வளவு தாழ்வாக இறங்கா. துருவ விண்மீனோ தொடுவானத்தை ஒட்டி, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். வாங்குவதற்கு முன், அது இறங்கும் மிகக் குறைந்த அட்சரேகை எத்தனை என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பின்தொடர்தல் பிழை என்றே உறுதியானால், பெரும்பாலும் அது தொடக்க அமைப்பில் பிறந்ததாக இருக்கும். மவுண்டை இயக்கும் பல கைக்கருவிகள் தேதியை மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கின்றன. ஜூன் 5ஐ நம் வழக்கப்படி 05/06 என்று இட்டால் அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். வானம் 30 பாகை தள்ளிப்போகும். நேர மண்டலம் +8, கோடைநேரம் கிடையாது, தீர்க்கரேகை 103.8 கிழக்கு, இவற்றை ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவேண்டும். மவுண்டுக்கு வானத்தை அடையாளம் காட்டும் சீரமைப்பு விண்மீன்களைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சிக்கு அருகில் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, நன்றாக விலகி நிற்கும் இரண்டைக் கொள்ளுங்கள். ரோகிணி, திருவாதிரை, சித்திரை, கேட்டை ஆகியவற்றை நம் பெரியவர்கள் அடையாளம் காட்டுவார்கள். கைக்கருவி அவற்றை அல்டெபரான், பெட்டல்ஜூஸ், ஸ்பைக்கா, அன்டாரெஸ் என்று அழைக்கும். ஆல்ஃபா சென்டாரியும் ஹடாரும் நாலரைப் பாகைக்குள் நிற்பதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிச் சீரமைத்துவிட்டு மவுண்டைத் திட்டுபவர்கள் அதிகம். விண்மீனை நடுவுக்குக் கொண்டுவரும் கடைசி அசைவு, கையேட்டில் சொன்ன அதே பொத்தான்களால், பெரும்பாலும் மேலும் வலமுமாக முடியவேண்டும். பற்சக்கரத் தளர்வு அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

மோட்டார் திடீரென்று நின்றாலும், கைக்கருவி 'பதில் இல்லை' என்று காட்டினாலும், முதல் சந்தேகம் மின்சாரத்தின் மீதே விழவேண்டும். எட்டு ஏஏ பேட்டரிகள் ஒரு மாலைப்பொழுதுகூடத் தாங்குவதில்லை. 12 வோல்ட் இணைப்பு வைத்திருப்பவர்கள், மவுண்ட் திரும்பும்போது பிளக்கை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். கைக்கருவியின் திரை ஒரு நொடி மங்கினால் பழுது பிளக் செருகும் துளையில் இருக்கிறது, மின்சுற்றுப் பலகையில் இல்லை.

ஈரப்பதத்தைப் பற்றி இங்கு யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, ஆனால் குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துவந்த குழாய் வெளியே வந்ததும் உடனே வியர்ப்பதைப் பலர் குவியப் பிழை என்று எண்ணுகிறார்கள். விண்மீனைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், கண்ணாடியைத் துடைக்காதீர்கள். மூடியைப் போட்டு, வெளி வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குறை நீங்கவில்லையென்றால் மவுண்டைக் கொண்டுவாருங்கள். வரும்போது வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன இறுதிப் படத்தைக் காட்டவேண்டாம். அடுக்காத மூலக் கோப்புகளில் தொடர்ச்சியாக இருபது, எடுத்த நேரம், நோக்கிய திசை, பயன்படுத்திய மின் இணைப்பு ஆகிய நான்கும் இருந்தால், திருகைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை தெரிந்துவிடும்.