பரிணாமம் அல்ல, பரிமாணம், பருமையும் அல்ல

இணையத்தில் ஒரு வடிவியல் ஓவியக் கண்காட்சி. கோடுகள், கட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று செருகிய கனசதுரங்கள் என்று கண்ணைப் பிடித்து நிறுத்துகிற படங்கள். முதல் படத்தின் கீழே தமிழில் ஒரு குறிப்பு: 'முப்பரிணாம உருவத்தை இருபரிணாமத் தாளில் காட்டும் முயற்சி.' சரி, தட்டச்சுப் பிழை என்று தாண்டிப் போனேன். அடுத்த படத்தில் 'நான்காம் பரிணாமம்'. அதற்கடுத்ததில் 'பரிணாமங்களின் விளையாட்டு'. ஏழெட்டுப் படம் போவதற்குள் படத்தை மறந்துவிட்டுப் பரிணாமத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன். கடைசிப் பலகை ஓவியரின் பாணி காலப்போக்கில் எப்படி மாறி வந்தது என்பது பற்றியது. அங்கே மட்டும் 'பரிணாம வளர்ச்சி' என்று சரியாக இருந்தது, அதுவும் தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் கண்காட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சினிமா விமர்சனத்தில், செய்தியில், மாணவர்களுக்கான குறிப்புகளில் எல்லாம் இதே குழப்பம் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் வேறு வேறு சொற்கள். பரிணாமத்தின் வேர் 'நம்', வளைதல் (நமஸ்காரத்தில் குனிகிற அதே நம்). ஒன்று திரிந்து இன்னொன்றாவது பரிணாமம். பால் தயிராவதைத்தான் வடமொழித் தத்துவக்காரர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பரிமாணத்தின் வேர் 'மா', அளத்தல். பரி என்றால் சுற்றிலும். சுற்றிலும் அளந்தது, அதாவது அளவு. ஆங்கில டைமென்ஷனுக்குத் தமிழில் வைத்த பெயர் இதுதான். அந்த டைமென்ஷனுக்கு மூலமான லத்தீன் வினைச்சொல்லுக்கும் அளந்து பார்த்தல் என்றுதான் பொருள், அதற்குள் இருக்கிற 'மெட்டீரி'யும் இந்த 'மா'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. ஆகவே மொழிபெயர்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெயர் வைக்கவில்லை. குழப்பத்துக்குக் காரணம் ஒலிதான்: மகரமும் ணகரமும் இடம் மாறி உட்கார்ந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மானம் என்பதில் வெறும் னகரமாக இருந்தது 'பரி' முன்னால் வந்ததும் அதிலுள்ள ரகரத்தின் தாக்கத்தால் ணகரமாகிறது, பிரமாணத்தில் ஆனது போல. நாவுக்கும் விரலுக்கும் அது போதும், தடுமாறிவிடுகிறோம்.

வரலாறு இவ்வளவு போதும். உண்மையான சண்டை இதற்கப்புறம்தான் தொடங்கியது.

இந்தப் புலம்பலை ஒரு நண்பனிடம் கொட்டினேன். அவன் தனித்தமிழ்ப் பற்று உள்ளவன், படித்தவனும்கூட. "ரெண்டுமே இரவல் சொல், அதான் எது எதுக்குன்னு யாருக்கும் தெரியலை. பேசாம பருமைன்னு வச்சுக்கோயேன். ஒருபருமை, இருபருமை, முப்பருமை. குழப்பமே வராது" என்றான். கேட்ட மாத்திரத்தில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பரு, பருத்த, பருமன் என்று எல்லாருக்கும் தெரிந்த குடும்பம்; பரிமாணம் என்ற ஒலிக்கும் பக்கத்தில் வருகிறது; முப்பருமை என்று சொல்லும்போது வாய் நிறைகிறது. அன்றிரவு அந்தக் கண்காட்சிப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, குறிப்பில் பருமையைப் போட்டுப் படித்துப் பார்த்தேன். முதல் படத்திலேயே கால் இடறியது.

அந்தப் படம் ஒரு கோடு. அவ்வளவுதான். அதன் பெயரை 'ஒருபருமை' என்று மாற்றினால் என்ன ஆகும்? பருமை என்றால் தடிப்பு. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்பது யூக்ளிட் காலத்திலிருந்து எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. அதற்கு இல்லவே இல்லாத குணம் எதுவோ அதையே அதன் அடைமொழியாக ஒட்டுகிறோம். தாளில் வரையும்போது பென்சில் கூரைப் பொறுத்துக் கொஞ்சம் தடிப்பு வரத்தான் செய்யும், ஆனால் அது பென்சிலின் குற்றம், கோட்டின் இயல்பு அல்ல. சதுரத்துக்கு வந்தால் இன்னும் மோசம். தாளைவிட மெல்லியது, சொல்லப்போனால் தடிப்பே அற்றது, அதற்குப் பெயர் இருபருமை!

பருமை வேலை செய்வது கனசதுரத்தில் மட்டும்தான். அங்கேதான் கையில் பிடித்துப் பார்க்கிற தடிப்பு இருக்கிறது. நண்பன் மனத்தில் முதலில் வந்ததும் அதுதான், முப்பரிமாணம்; அதற்குப் பொருந்துகிற சொல்லைப் பிடித்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நீட்டிவிட்டான். சொல்லாக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. பழகிய ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துச் சட்டை தைத்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது.

பரிமாணம் என்று கணக்கில் சொல்வது எத்தனை தனித்தனி வழிகளில் நகரலாம் என்ற எண்ணிக்கையை. ஒரு புள்ளியை வைத்து அதை ஒரு பக்கமாக இழுத்தால் கோடு. கோட்டை அதற்குச் செங்குத்தாக இழுத்தால் சதுரம். சதுரத்தை அதன் தளத்துக்குச் செங்குத்தாக இழுத்தால் கனசதுரம். கனசதுரத்தை இந்த மூன்றுக்குமே செங்குத்தான நான்காவது ஒரு பக்கம் இழுத்தால் டெசரக்ட். முனைகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டு போகும். அந்த நான்காவது பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்ட முடியாது, ஆனால் வரைந்துவிடலாம். இரண்டு சதுரங்களைச் சற்றுத் தள்ளித் தள்ளி வரைந்து மூலைக்கு மூலை இணைத்தால் கனசதுரம் மாதிரித் தெரிகிறதல்லவா, அதே வித்தையை இரண்டு கனசதுரங்களுக்குச் செய்தால் போதும், 32 விளிம்புகளுடன் டெசரக்ட் வந்து தாளில் உட்கார்ந்துவிடும். இவ்வளவு செய்தும் தாள் இம்மியும் பருக்கவில்லை.

இதை இன்னும் நன்றாக உணர்ந்தவர் அலிசியா பூல் ஸ்டாட், 1860இல் பிறந்தவர், தர்க்கக் கணிதத்துக்குப் பெயர்போன ஜார்ஜ் பூலின் மகள். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. நான்கு பரிமாண உருவங்கள் நம் வெளியைக் கடந்து போனால் என்ன வெட்டுமுகங்கள் தெரியும் என்று மனத்தாலேயே கண்டு, அட்டையில் செய்து வண்ணம் தீட்டி வைத்தார். அந்த வெட்டுமுகங்கள் மெல்ல மெல்லப் பெருத்து, உருமாறி, பிறகு சிறுத்துக்கொண்டே போய் மறையும். இங்கே பருமை ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. கடந்து போகிற உருவத்தின் பரிமாணம் நான்கிலேயே நிற்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த ஒரு வாக்கியத்தையே என்னால் எழுத முடியாது. 'நாற்பருமை உருவத்தின் பருமை மாறுகிறது, பருமை மாறவில்லை' என்றா எழுதுவது?

நண்பன் விடவில்லை, "சும்மா நாலு பரிமாணம் அஞ்சு பரிமாணம்னு கற்பனை உருவமெல்லாம் இழுக்காதே" என்றான். சரி, கற்பனை வேண்டாம், எண்ணியே பார்ப்போம் என்று மெங்கர் பஞ்சைக் காட்டினேன். கணிதவியலாளர் கார்ல் மெங்கர் 1926இல் விவரித்தது. ஒரு கனசதுரத்தை 27 சிறு கனசதுரங்களாக வெட்டி, நட்ட நடுவில் இருப்பதையும் ஆறு முகங்களின் நடுவில் இருப்பவற்றையும் ஆக ஏழை எடுத்துவிட்டால் 20 மிஞ்சும். மிஞ்சிய ஒவ்வொன்றிலும் அதே வெட்டு, அதே எடுப்பு, முடிவில்லாமல். ஓவியர்களுக்கும் காகிதம் மடிப்பவர்களுக்கும் இது செல்லப்பிள்ளை, மூன்று நான்கு சுற்றுக்குள் கண்ணைப் பறிக்கிற சல்லடையாகிவிடும். இப்படித் தன்னையே சிறிதாக்கித் தன்னுள் வைத்திருக்கிற உருவங்களில் நகரும் வழிகளை எண்ண மாட்டார்கள், அளவைப் பெரிதாக்கும்போது பிரதிகள் எத்தனை மடங்காகின்றன என்று பார்த்துப் பரிமாணத்தைக் கணக்கிடுவார்கள், அதனால் பின்னமும் வரும். இதன் பரிமாணம் ஏறத்தாழ 2.73. இதன் கன அளவு? சுழியம். ஒவ்வொரு சுற்றிலும் இருபத்தேழில் ஏழு பங்கு போய்க்கொண்டே இருப்பதால் கடைசியில் பருமை என்று சொல்ல ஒன்றுமே எஞ்சாது. பருமையே இல்லாத ஒன்றுக்கு '2.73 பருமை' என்று பெயர் வைப்பதா? முக்கோணத்தின் நடுவிலிருந்து முக்கோணத்தை எடுத்துக்கொண்டே போகிற சியர்பின்ஸ்கி முக்கோணமும் இப்படித்தான், பரிமாணம் 1.58, பரப்பு சுழியம். கணிதவியலாளர் கோக் 1904இல் வரைந்த வளைகோட்டுக்குப் பரிமாணம் 1.26. "அப்போ மெலிவுன்னு வச்சுக்கலாம்" என்றான் சிரித்துக்கொண்டே. அதோடு பருமை செத்தது என்று நினைத்தேன், ஆனால் அவன் பையில் இன்னும் இரண்டு மூன்று இருந்தன.

'திசை' என்றான். இடமும் வலமும் இரண்டு திசைகள், ஆனால் கோட்டுக்குப் பரிமாணம் ஒன்றுதான். தவிர, நம்மிடம் ஏற்கெனவே எண்திசை இருக்கிறது. எட்டும் ஒரே தளத்தில் கிடக்கின்றன, அதாவது எண்திசைக்குப் பரிமாணம் இரண்டு! எட்டுப் பரிமாண வெளியை எண்திசை வெளி என்று எழுதினால் படிப்பவர் வடகிழக்கைத் தேடுவார். 'அளவை' என்பது தருக்க நூல்களில் பிரமாணத்துக்கு என்று பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிற சொல், அளவையியல் என்றால் தருக்கம், அங்கே போய்த் துண்டு போட முடியாது. கடைசியாக 'மானம்'. இதில் எனக்கே சபலம் உண்டு. வெப்பமானி, மழைமானி என்று அளத்தல் பொருளில் பழகிய சொல், மும்மானம் என்பது சுருக்கமாக, அழகாக இருக்கிறது. இந்த 'மா' தமிழா வடமொழியா என்று தனியாக ஒரு சண்டை நடக்கும், நடக்கட்டும். ஆனால் புள்ளிக்குப் பரிமாணம் இல்லை என்பதை 'புள்ளிக்கு மானமில்லை' என்று வகுப்பில் சொன்னால் அதற்கப்புறம் அன்றைக்குப் பாடம் நடக்காது.

ஆகவே பரிமாணம். இரவல் சொல்தான், மறுக்கவில்லை. நல்ல தமிழ்ச்சொல் கிடைத்தால் முதல் ஆளாக ஓடிப்போய் எடுத்துக்கொள்வேன். வீழல் என்ற சொல்லைப் பாருங்கள், ஓர் உருவத்தின் நிழல் தளத்தில் விழுவதைக் கணக்கில் எப்படிச் சொல்வது என்று யோசித்தவர் யாரோ, எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டார். கனசதுரத்தை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராகப் பார்க்கும்படி பிடித்து ஒளி அடித்தால் அதன் வீழல் ஓர் ஒழுங்கு அறுகோணம்; படிக்கும்போதே காட்சி விழுகிறது. பருமையில் அந்தத் தெளிவு இல்லை. தூய்மை மட்டும் இருக்கிறது.

சொல் சரியாக இருந்தும் அதைப் பாழடிக்கிறவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பெட்டியின் பரிமாணங்கள் 30 × 20 × 10' என்று எழுதுகிறார்கள். அவை அளவுகள், பெட்டிக்குப் பரிமாணம் மூன்று. அகராதியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போடுகிற மொழிபெயர்ப்பு இது. 'மூன்றாம் பரிமாணப் படம்' இன்னொன்று. முப்பரிமாணப் படம் என்பதுதான் பொருள், பரிமாணங்களுக்கு முதலாவது மூன்றாவது என்று வரிசை எண் கிடையாது, பெட்டியைப் புரட்டி வைத்தால் நீளம் உயரமாகிவிடும். முன்னொட்டுகள் நமக்கு எவ்வளவு வசதி, நாற்பரிமாணம், ஐம்பரிமாணம் என்று போய்க்கொண்டே இருக்கலாமே. (எத்தனை என்று குறிப்பிடாத பொதுநிலைக்கு ஆங்கில எழுத்தை அப்படியே ஒலித்து 'என் பரிமாணம்' என்று எழுதுகிறார்கள், உன் பரிமாணம் எத்தனை என்று கேட்கத் தோன்றும். எப்பரிமாணமும் என்று எழுதினால் என்ன?) கதைக்கு 'இன்னொரு பரிமாணம்' கொடுத்த நடிகரைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

நான்காவது என்றாலே காலம் என்று எழுதிவிடுவது வேறொரு வியாதி. அந்தக் கண்காட்சியில் டெசரக்ட் படத்தின் கீழும் 'காலம் என்னும் நான்காம் பரிணாமம்' என்று இருந்தது. கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி காலத்தையும் வெளியையும் சேர்த்துக் கட்டியது 1908இல். டெசரக்ட் என்ற பெயரை ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹின்டன் வைத்தது 1888இல், அவர் பேசியது வெளியின் இன்னொரு பக்கத்தைத்தான், வண்ணக் கனசதுரங்களை அடுக்கி அதை மனத்தில் பார்க்கப் பழகலாம் என்று நம்பினார். ஓவியர் டாலி 1954இல் சிலுவையாக வரைந்த எட்டுக் கனசதுரங்களும் அப்படித்தான். ஆறு சதுரங்களைச் சிலுவையாக வெட்டி மடித்தால் கனசதுரம் வருவது போல, அந்த எட்டையும் மடிக்க ஒரு பக்கம் இருந்தால் டெசரக்ட் வரும். அந்தப் படத்தில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை.

கண்காட்சிக்காரர்களுக்கு ஒரு மடல் போட்டேன், பரிணாமத்தைப் பரிமாணமாக்குங்கள் என்று மட்டும், பணிவாகத்தான். இரண்டே நாளில் நன்றி சொல்லிப் பதில் வந்தது, அனைத்தையும் திருத்திவிட்டோம் என்று. போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அனைத்தையும் திருத்தியிருந்தார்கள். முதல் படம் முப்பரிமாணம், சரி. டெசரக்ட் நான்காம் பரிமாணம், காலம் அப்படியே இருக்கிறது, போகட்டும். கடைசிப் பலகைக்கு வந்தேன்: 'ஓவியரின் பாணியில் நிகழ்ந்த பரிமாண வளர்ச்சி.'