இரண்டாவது கார்டு பீரோவில் இருந்தது

திருச்சியில் அந்நியச் செலாவணி கவுண்டரில் உட்கார ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. எங்களிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள். மகன் வீட்டுக்கு, மகள் பிரசவத்துக்கு, இல்லாவிட்டால் ஐந்து நாள் சுற்றுலா. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கையில பணமா எடுத்துட்டுப் போகலாமா, கார்டா வாங்கிக்கலாமா சார்?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் ஞாபகத்துக்கு வருவார்கள். கோலாலம்பூர் போனார்கள். பணம் தொலைந்துவிடும் என்ற பயத்தில் கையில் 200 ரிங்கிட் மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் ஃபாரக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் கார்டில், ஏற்றச் சொன்னார். ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் ஏடிஎம்மில் பின் நம்பரை மூன்று முறை தப்பாகப் போட்டிருக்கிறார். கார்டு முடங்கிவிட்டது. கார்டின் பின்பக்கம் இருந்த 1800 எண்ணுக்கு அடித்தால் போகவில்லை. அந்த இலவச எண் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். ஓடிபி வர வேண்டிய நம் ஊர் சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டிருந்தார். கழற்றிய சிம் எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் ஹோட்டல் வரவேற்பறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"கார்டு கொடுத்த கவருக்குள்ள மாத்துக் கார்டு இன்னொண்ணு இருக்குமே சார், அதை எடுங்க" என்றேன்.

"அது பீரோவுல இருக்கு தம்பி. ரெண்டையும் ஒண்ணா எடுத்துட்டுப் போய்த் தொலைச்சிடக் கூடாதுன்னு வச்சிட்டு வந்தேன்."

அவர் கணக்கில் அது ஜாக்கிரதை. மறுநாள் மத்தியானம் கார்டு திறக்கும் வரை மிச்சம் நாற்பது சொச்சம் ரிங்கிட்டில் தோசையும் டீயுமாக ஓட்டியிருக்கிறார்கள். யாரும் எதையும் திருடவில்லை. நான் பார்த்தவரை, வெளிநாட்டில் பணமில்லாமல் தவித்தவர்களில் பிக்பாக்கெட்டில் பறிகொடுத்தவர்களைவிட இப்படி ஒற்றைக் கார்டை நம்பிப் போனவர்கள்தான் அதிகம்.

அதனால் இப்போது பணமா கார்டா என்று கேட்டால், "இது கைவிட்டால் அடுத்தது எது, அது எந்தப் பையில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறேன். இரண்டு, மூன்று நாள் செலவுக்கு ரொக்கம், பெரிய செலவுக்கு ஃபாரக்ஸ் கார்டு, ஆபத்துக்கு வேறொரு வங்கியின் டெபிட் அல்லது கிரெடிட் கார்டு. கணவன், மனைவி போனால் ஒரு கார்டு அவர் சட்டைப்பையில், இன்னொன்று இவர் கைப்பையில். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் எதுவும் வேண்டாம். கார்டு வழங்கியவர்களின் +91 என்று தொடங்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு அல்லாமல் தனியாக வையுங்கள். நம் ஊர் சிம்மை ரோமிங் போட்டு போனிலேயே விடுங்கள். பொதுவாக ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்குவதற்குக் காசு கிடையாது.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, சாதாரணப் பயணத்துக்கு ஒரு தடவைக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குத்தான் வெளிநாட்டு நோட்டாகத் தருவோம். ஒரு சில நாடுகளுக்கும் ஹஜ் பயணத்துக்கும் விதிவிலக்கு உண்டு. நீங்கள் ரூபாய் நோட்டாகக் கட்டுவதற்கும் 50,000 ரூபாய் வரைதான் அனுமதி, அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாக வர வேண்டும். "எவ்வளவு வேணும்னாலும் தர்றேன், பில் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். திரும்பி வந்து மிச்சத்தை மாற்றும்போது அந்த பில்லைத்தான் கேட்போம். டாலர் வாங்கினால் ஒவ்வொரு நோட்டையும் புரட்டிப் பாருங்கள். பேனாக் கிறுக்கல், ஓரக் கிழிசல் இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். நூறு டாலர் என்றால் 2013 அக்டோபரில் வந்த நீலப் பட்டை நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். பழைய நோட்டும் செல்லும், ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் பல மாற்றுக்கடைகளில் வாங்க மறுப்பார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள்.

அடுத்தது, படித்தவர்களே வந்து மாட்டுகிற இடம். கடையில் கார்டைச் செருகியதும் திரை கேட்கும்: இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா? சிங்கப்பூரில் நம் ஊர் ரூபாயைத் திரையில் பார்த்ததும் ஒரு சந்தோஷம், உடனே அதைத் தொட்டுவிடுவோம். தொடாதீர்கள். அந்த ரூபாய்க் கணக்கைப் போடுவது உங்கள் வங்கி இல்லை, கடைக்காரர் தரப்பில் கார்டு மெஷினை நடத்தும் நிறுவனம். சந்தையில் 100 ரூபாய்க்குப் போவதை 104, 105 என்று போட்டுவிடும். சிங்கப்பூர் டாலர் ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டில் இப்படிச் செய்தால் இன்னும் கொடுமை. டாலர் ரூபாயாகி, ரூபாய் மறுபடி கார்டிலுள்ள டாலராகி, இரண்டு முறை மாற்றத்துக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள். கடைக்காரரே உங்களைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. சீட்டில் ரூபாய் இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் தனிக் கட்டணம் வேறு. அங்கே ஐந்நூறு, ஆயிரமாக எடுப்பது வீண்.

சம்பளக் கணக்கின் டெபிட் கார்டை அப்படியே கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி இல்லாமலேயே பணம் போய்விடும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே திறக்கலாம், மூடலாம், உச்சவரம்பும் வைக்கலாம். கிளம்பும்முன் திறங்கள், வீடு வந்ததும் மூடுங்கள். மூட மறந்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பணம் போய்விட்டது என்று வருபவர்கள்தான் நிறைய. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போயிருப்பது கண்ணில் பட்டால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தப்போ வங்கியின் தப்போ இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

வாடகைக் காருக்கும் ஹோட்டல் முன்பணத்துக்கும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். ஃபாரக்ஸ் கார்டில் பிடித்துவைத்த தொகை திரும்பி வர நாளாகும், அதற்குள் நீங்களே ஊர் வந்துவிடுவீர்கள். யுபிஐ சிங்கப்பூர், துபாய், இலங்கை, நேபாளம் என்று சில இடங்களில் எடுக்கிறது. எடுத்தால் சரி, அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

மிஞ்சிய பணத்தை வந்து 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்வதிலும் ஒரு சங்கடம். போன வருடம் ஒரு அம்மா சுருக்குப்பையிலிருந்து நான்கு ஐம்பது பவுண்டு காகித நோட்டை எடுத்து நீட்டினார். லண்டன் போய்வந்தபோது மிஞ்சியதாம், பேத்தி கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாராம். அந்த நோட்டு 2022 செப்டம்பர் 30ஆம் தேதியோடு கடைகளில் செல்லாமல் போய்விட்டது. எங்கள் கவுண்டரிலும் வாங்க முடியாது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து மட்டும் இன்னும் மாற்றித் தருகிறது, லண்டனில் இருக்கும் மகன் அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்புங்கள் என்றேன். மடிப்பு கலையாமல் திரும்பச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.