விறைப்பில் நிற்கும் வேலி

குழந்தைகள் தண்ணீரில் விழுந்துவிடாதபடி வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி நிற்கும் வலை வேலியை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. ஓர் அங்குலத் தடிமனில் சில அலுமினியக் குழாய்கள், நடுவே கொசுவலை போல ஒரு துணி. வேண்டாதபோது பிடுங்கிச் சுருட்டி மூலையில் வைத்துவிடலாம். பெரியவர் ஒருவர் பிடுங்கிவிடுகிற வேலியை, கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளை ஏன் பிடுங்க முடிவதில்லை?

விடை வலையின் விறைப்பில் இருக்கிறது. துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கொடியை ஒரு விரலால் ஒரு முழம் தள்ளலாம். அதே கயிற்றை இழுத்து முறுக்கிக் கட்டினால் அரை அங்குலம் நகர்த்தவே பலம் வேண்டும். பாலியெஸ்டர் இழைக்குப் பிவிசி பூசிய இந்த வலையும் அப்படித்தான். கம்பங்களுக்கு இடையே பெரும்பாலும் 75 முதல் 90 சென்டிமீட்டர் இருக்கும். முதல் கம்பத்தை நட்டதும் வலையை நன்றாக இழுத்துப் பிடித்து, அந்த இழுப்பில் அடுத்த கம்பம் எங்கே வருகிறதோ அங்கேதான் குழிக்குக் குறி போடுவார்கள். வேலி பல துண்டுகளாக வரும். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஓரக் கம்பங்களை நெருக்கிக் கொக்கி மாட்டுவார்கள்.

இப்படி இழுபடும் ஓரக் கம்பம் குழியின் சுவரில் அழுந்தி நிற்கிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். கம்பத்தை நேரே மேலே உருவுவது லேசில்லை. முதலில் கொக்கியைக் கழற்றி விறைப்பைத் தளர்த்தியாக வேண்டும். அதற்கு ஒரு கையால் இரண்டு கம்பங்களையும் நெருக்கிப் பிடித்து, மறு கையால் மேலே இருக்கும் கொக்கியை விடுவிக்க வேண்டும். அந்த உயரமும் வலுவும் சின்னப் பிள்ளைக்கு இல்லை.

சரி, குழி எவ்வளவு ஆழம்? சுமார் 10 சென்டிமீட்டர்தான். வேலி 1.2 மீட்டர் உயரம். இங்கேதான் நெம்புகோல் கணக்கு வருகிறது. கம்பத்தின் உச்சியில் ஒருவர் 10 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலை பக்கத்துக் கம்பங்களோடு பகிர்ந்துகொள்ளும் பங்கைக் கணக்கில் எடுக்காவிட்டால், குழியின் மேல் விளிம்பில் விழும் விசை ஏறக்குறைய 130 கிலோ. மேலே தள்ளியதைப் போல 13 மடங்கு! அதனால் கான்கிரீட்டின் ஓரத்தை ஒட்டித் துளை போட்டால் விளிம்பு பெயர்ந்துவிடும். மண்மேல் பரப்பிய தனித்தனிக் கற்களில் வெறுமனே துளையிட்டு நட்டால் கல்லே ஆடும். அடியில் கான்கிரீட் போட்டுப் பிடிமானம் கொடுக்க வேண்டும்.

வளைவுகள் இன்னொரு தொல்லை. நேர்கோட்டில் நிற்கும் கம்பத்தை இரண்டு பக்கமும் வலை சமமாக இழுக்கிறது, இழுப்பு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வேலி 20 பாகை திரும்பும் இடத்தில் அப்படி ஆகாது. வலையின் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு, கம்பத்தை வளைவின் உட்புறமாக, அதாவது குளத்தை நோக்கி இழுக்கும். செங்கோண மூலையில் அது இழுவிசையைப் போல 1.4 மடங்கு. இதனால்தான் நிறுவுபவர்கள் பலர் துளையையே சில பாகை வெளிப்புறம் சாய்த்துப் போடுகிறார்கள். வலை ஏறியதும் கம்பம் நிமிர்ந்துகொள்ளும். கையால் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு துளையையும் ஒரே கோணத்தில் போடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரில்லைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் ஒன்று அவசியம்.

துளையிடும் முன் தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குளத்தின் தண்ணீர்க் குழாய்கள் மட்டுமல்ல, மின்கம்பிகளும், குளத்தைச் சுற்றியுள்ள உலோகங்களை எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் வைக்கும் செம்புக் கம்பியும் அங்கே இருக்கலாம். அதை அறுத்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது, ஆனால் மின்கசிவு ஏற்படும் நாளில் அதிர்ச்சியைத் தடுக்க வேண்டிய ஏற்பாடு செத்துக் கிடக்கும். போட்ட குழிக்குள் பிளாஸ்டிக் உறை ஒன்றை இறக்குவார்கள். ஈரமான கான்கிரீட்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அது வெறும் அலங்காரம் அல்ல.

வேலியில் மிகவும் பலவீனமான இடம் கதவு. அது தானாக மூட வேண்டும், மூடியதும் தானாகப் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பிரிங் கீல், கதவு அகலத் திறந்திருக்கும்போது வலுவாக இழுக்கும். மூடும் தறுவாயில் அதன் பலம் குறைந்துபோகும். சாதாரணத் தாழ்ப்பாள் விழவோ கடைசி நொடியில்தான் பலமாக ஒரு தள்ளு வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாமல் கதவு ஒரு விரல் இடைவெளியோடு நின்றுவிடுவது உண்டு. காந்தத் தாழ்ப்பாளின் புத்திசாலித்தனம் இங்கேதான்: காந்தத்தின் ஈர்ப்பு, தூரம் குறையக் குறைய வேகமாகக் கூடும். ஸ்பிரிங் களைக்கும் இடத்தில் காந்தம் கைகொடுக்கிறது. கதவைச் சோதிக்கும்போது அகலத் திறந்துவிட்டுப் பார்ப்பது போதாது. 2 சென்டிமீட்டர் மட்டும் திறந்து கையை எடுத்துவிட்டு, தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் வெளியிலிருந்து குழந்தை சாய்ந்தாலும் கதவு இறுகத்தான் செய்யும்.

1.2 மீட்டர் என்ற உயரம் பல நாட்டு விதிகளில் குறைந்தபட்சமாகச் சொல்லப்படுவது. ஏறுவதற்குக் கால்விரல் பதிய ஓர் இடம் வேண்டும். நெருக்கமான வலையில் அது கிடைக்காது. ஆனால் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். ஆஸ்திரேலிய விதிகள் வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டருக்கு ஏற உதவும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்கின்றன.

வேலி எங்கே நிற்கிறது என்பதை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை வருவதே வீட்டுக்குள்ளிருந்துதான்! நாலு பக்கமும் குளத்தைத் தனியாகப் பிரித்தால், சொத்தின் எல்லையில் மட்டும் வேலி போடுவதைவிட, சிறு குழந்தைகள் மூழ்கும் ஆபத்து 83 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

பாலியெஸ்டர் போன்ற பாலிமர் இழைகளுக்கு ஒரு குணம் உண்டு: தொடர்ந்து இழுபட்டால் மெல்ல நீண்டு கொடுக்கும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை வலையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். முரசுத் தோல் போலத் திருப்பித் தள்ளினால் நல்லது. தொளதொளவென்று உள்ளே போனால், வலையை இறுக்கும் முன் கம்பத்தின் அடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல நேரம் தளர்ந்திருப்பது துளையாக இருக்கும்.