சூரண டப்பாவில் காலாவதி தேதி: விதி 161-பி கேட்பது என்ன?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ சிறிய அளவில் சித்த, ஆயுர்வேத மருந்து செய்து கடைக்குப் போடுபவர், காலாவதி தேதியைத் தோன்றியபடி அச்சடிக்க முடியாது. மருந்துகள் விதிகள் 1945-இல் 161-பி என்ற விதி இதற்காகவே இருக்கிறது. 1.4.2010 முதல் தயாரான சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து எதுவானாலும் லேபிளில் அந்தத் தேதி இருக்க வேண்டும். தேதி கடந்ததை விற்கக் கூடாது. தன்னிடம் வரும் நோயாளிக்கு மட்டும் மருந்து செய்துகொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. மருந்து கடைக்குப் போனால் 25-டி படிவ உற்பத்தி உரிமம் கட்டாயம்.

எத்தனை ஆண்டு என்பது மருந்தின் வகையைப் பொறுத்தது. ஆயுர்வேதப் பட்டியலில் சூரணத்துக்கு 2 ஆண்டு, புளிக்கவைத்துச் செய்யும் திரவ மருந்துகளான ஆசவ அரிஷ்டங்களுக்கு 10 ஆண்டு. சித்த மருந்துக்குப் பட்டியல் தனி. ஆயுர்வேதக் கணக்கை அதில் ஒட்டக் கூடாது. குடிநீர் (கஷாயம்) 3 மணி நேரம், சூரணம் 3 மாதம், பற்பம் (புடமிட்டு நீறாக்கிய மருந்து) 100 ஆண்டு என்ற பழங்கணக்கு வைத்தியருக்குப் பயன்படும், லேபிளுக்கு உதவாது.

இனி, அந்தக் காலம்வரை மருந்து கெடாமல் இருக்குமா என்று பார்க்கும் சோதனை. பொதுவாக 3 பேட்ச் (ஒரே தடவையில் செய்த தொகுதி) எடுப்பார்கள். 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் 6 மாதம் வைப்பது விரைவுச் சோதனை. அது முன்னறிகுறி மட்டுமே. இயல்பான சூழலில் 3, 6, 9, 12, 18, 24 மாதங்களில் பார்க்கும் நிகழ்நேரச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். சூரணத்தில் நிறம், மணம், 105 டிகிரியில் உலர்த்தும்போது குறையும் எடை, நீரிலும் ஆல்கஹாலிலும் கரையும் அளவு, டிஎல்சி தட்டில் (மருந்தின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டு) தெரியும் புள்ளிகள், கிருமி எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு கிராமில் பாக்டீரியா 1 லட்சத்தையும் பூஞ்சை 1,000-ஐயும் தாண்டக் கூடாது, ஈ.கோலி, சால்மோனெல்லா இருக்கவே கூடாது. தைலத்துக்கு, எண்ணெய் கெடுவதைக் காட்டும் அமில மதிப்பும் பெராக்சைடு மதிப்பும் முக்கியம். சிக்கு வாடை மூக்குக்கு எட்டுமுன் இவை ஏறிவிடும்.

பலர் சறுக்கும் இடம் டப்பாதான். சோதனைக்கூடத்துக்குக் கண்ணாடி பாட்டிலில் கொடுத்துவிட்டு, கடைக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுகிறார்கள். அந்த முடிவு இந்த உறைக்குப் பொருந்தாது. கடலோரக் காற்றில் இந்துப்பு சேர்ந்த அஷ்ட சூரணம் ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும், பிறகு பூஞ்சை வரும். உறை வழியே பெருங்காய, சீரக மணமும் போய்விடும். விற்கும் அதே டப்பா, அதே மூடி, அதே சீலோடு சோதனைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் மாதிரி எடுத்து, காலாவதி முடியும்வரை தேதியிட்டு வைத்திருங்கள். புகார் வந்தால் ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.